மங்களத்தின் சம்மதம்

கல்யாணமாகி ஆறு வருடத்தில் இளமாறன் எத்தனையோ முறை விட்டுக்கொடுத்திருக்கிறான். திரைச்சீலையின் நிறம், சாம்பாரில் வெல்லம், லீவுக்குப் போகும் ஊர், லீவே எடுக்க வேண்டுமா என்பது உட்பட. சிங்கப்பூரில் சொந்த வீடு வாங்கும் விஷயத்தில் மட்டும் ஓர் அங்குலம்கூட நகர்வதில்லை என்று அன்று காலை பல் துலக்கும்போதே முடிவு செய்துவிட்டான். கண்ணாடியில் தெரிந்த முகம்கூட அதை நம்பியது போல்தான் இருந்தது.

"குவீன்ஸ்டவுன்," என்றான் பசியாற உட்கார்ந்ததும்.

"உட்லண்ட்ஸ்," என்றாள் மோகனப்பிரியா தோசையைத் திருப்பிக்கொண்டே.

"ஆபீசுக்கு நடந்தே போயிடலாம் பிரியா. பன்னெண்டு நிமிஷம்."

"அங்க ரெண்டே ரூம். ஒண்ணுல கட்டில் போட்டா கதவு சாத்தாது."

"கதவை எதுக்குச் சாத்தணும்? நாம ரெண்டு பேர்தானே?"

"உட்லண்ட்ஸ்ல மூணு ரூம். பன்னெண்டாவது மாடி. ஜன்னலைத் திறந்தா ஜொகூர் தெரியுமாம்லா."

அவன் பயந்ததே அந்த ஜன்னலுக்குத்தான். பாலத்துக்கு அந்தப் பக்கம், மலேசியாவின் ஜொகூர்பாருவில் அவன் மாமியார் வசந்தகுமாரி தனியாக இருந்தார். கெட்டவர் இல்லை. இரண்டு நாள் வந்து தங்கினால் மூன்றாம் நாள் அவன் சட்டைகள் எந்த அலமாரியில் இருக்கின்றன என்று அவனுக்கே தெரியாது, அவ்வளவுதான். காலை ஐந்து மணிக்கு வானொலி. சாப்பிடும்போது, "மாப்பிள்ளை, இது மூணாவது தடவை சோறு," என்று அன்பான எச்சரிக்கை. மூன்றாவது அறை என்று ஒன்று இருந்தால் அது அத்தையின் அறை. குவீன்ஸ்டவுன் மீது அவனுக்கு வந்த காதலுக்கு ஒரே காரணம், அங்கே மூன்றாவது அறை இல்லை.

இதை வெளியே சொல்ல முடியுமா? சொல்லவில்லை. "சரி, போய்ப் பார்ப்போம்," என்றான். பார்த்துக் குறை கண்டுபிடிப்பது அவனுக்குக் கைவந்த கலை. அவன் வேலையே அதுதான். ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியில் இழப்பீடு கேட்டு வருபவர்களில் பொய் சொல்பவர் யார் என்று கண்டுபிடிக்கும் அதிகாரி. பிரியா பாலர் பள்ளி ஆசிரியை. நான்கு வயதுப் பிள்ளைகள் இருபது பேரைப் பத்து வருடமாக மேய்க்கிறாள். இந்த இரண்டு வேலைகளில் எது கண்ணைக் கூர்மையாக்கும் என்று அவன் யோசித்துப் பார்த்ததில்லை.

உட்லண்ட்ஸ் வீட்டைப் பார்க்க அவர்கள் போனது ஆகஸ்ட் மாதத்தில் ஒரு சனிக்கிழமை. சீனர்களின் ஏழாம் மாதம், செத்தவர்கள் பூமிக்கு வந்து உலாவுவதாக அவர்கள் நம்பும் மாதம். அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே புல்வெளியில் கூடாரம் போட்டு, மாலைக் கச்சேரிக்கு மேடை கட்டியிருந்தார்கள். படையலாக எரித்த காகிதத்தின் சாம்பல் வெயிலில் மிதந்து வந்து சட்டையில் ஒட்டியது. வீட்டு ஏஜென்ட் ஷமீமா முன்னால் நடந்தாள். இளமாறனின் ஷூ நாடா அவிழ்ந்திருந்தது. மேடைக்கு முன்னால் வரிசையாகச் சிவப்பு நாற்காலிகள். முதல் வரிசையில் ஒன்றில் உட்கார்ந்து நாடாவைக் கட்டினான்.

"ஐயோ சார், எந்திரிங்க! எந்திரிங்க!"

"ஏன்? காலியாத்தானே இருக்கு?"

"காலி இல்ல சார். முன் வரிசை அவங்களுக்கு."

"எவங்களுக்கு?"

ஷமீமா கண்ணால் கூடாரத்தைக் காட்டினாள். கூடாரத்தில் ஊதுவத்தி ஏற்றிக்கொண்டிருந்த சீனப் பெரியவர் அவனைப் பார்த்தார். பிறகு அவனுக்குப் பக்கத்து நாற்காலியைப் பார்த்து, மன்னிப்புக் கேட்பது போலத் தலையைத் தாழ்த்தினார். அந்த நாற்காலியில் யாரும் இல்லை.

லிஃப்டில் ஏறும்போது இளமாறனின் வலது தோள் மட்டும் சில்லென்று இருந்தது. ஏர்கான் என்று சொல்லிக்கொண்டான். அந்த லிஃப்டில் ஏர்கான் இல்லை.

நீண்ட நடைபாதையின் கடைசி வீடு. அழைப்பு மணியைத் தொடுவதற்கு முன்பே கதவு திறந்தது. வீட்டுக்காரர் பரமசிவம், எழுபதைத் தாண்டியவர், இஸ்திரி போட்ட சட்டையில் நின்றார். கண்ணில் புரை விழுந்திருந்தது.

"மூணு பேர்தானா?" என்றார். "நாலு பேர் வர்றாங்கன்னு மங்களம் சொன்னாளே."

இளமாறன் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று கழுத்து முடிவு செய்துவிட்டது. மேசையில் தேநீர்க் கோப்பைகள் இருந்தன. வந்தவர்களுக்கு நான்கு, அவருக்கு ஒன்று, ஜன்னலோரம் தனியாக ஒன்று. அந்தத் தனிக் கோப்பைக்கு மேலே சுவரில், மாலை போட்ட படத்தில் ஓர் அம்மாள். பொட்டு பெரியது. எங்கே நின்றாலும் நம்மைப் பார்க்கிற கண்கள்.

"அவர் வைஃப் மங்களம். போயி மூணு வருஷம் ஆச்சு சார்," என்று ஷமீமா காதோடு சொன்னாள். "இந்த புளோக்ல சீனர்களுக்கு அரசாங்கம் வெச்ச கோட்டா ஃபுல். அவர் சீனருக்கு விக்க முடியாது. அதான் விலை இவ்ளோ கம்மி."

விலை கம்மிக்கு அது மட்டும்தான் காரணம் என்று இளமாறனுக்குத் தோன்றவில்லை.

வீடு சுத்தமாக இருந்தது. குறை என்று சொல்ல ஒரு விரிசல்கூட இல்லை. மூன்றாவது அறையில் ஒரே ஒரு பிரம்பு நாற்காலி, ஜன்னலைப் பார்த்தபடி. அவன் வாசற்படியில் கால் வைத்ததும் அது கிரீச்சென்றது. உட்கார்ந்திருந்த ஒருவர் யார் வருகிறார் என்று திரும்பிப் பார்த்தால் வருமே, அந்தச் சத்தம்.

அப்போதுதான் மேலே கேட்டது. டக். டக். டக்… டகடகடக… யாரோ கோலிக்குண்டைத் தரையில் போட, அது உருண்டு உருண்டு மூலைக்குப் போய் நின்றது.

"மேல் வீட்டுல பிள்ளைங்க இருக்காங்களா அங்கிள்?" என்றான், குரலைத் தைரியமாக வைத்துக்கொண்டு. அப்பாடா, ஒரு குறை கிடைத்தது.

"மேல வீடு ஏது தம்பி?" என்றார் பரமசிவம். "இதான் கடைசி மாடி."

சிங்கப்பூரில் பாதி வீடுகளில் இந்தக் கோலிச் சத்தம் கேட்கும். குழாயில் தண்ணீர் அடைத்து அடிக்கும் சத்தம் என்று விவரம் தெரிந்தவர்கள் விளக்குவார்கள். அந்த விளக்கம் இளமாறனுக்கும் தெரியும். தெரிந்தும் கூரையைப் பார்த்தபடி ஓர் அடி பின்னால் நகர்ந்தான்.

"காத்து என்னமா வருது பாருங்க," என்றாள் பிரியா ஜன்னலருகே நின்று. பிரம்பு நாற்காலியின் கையை அன்பாகத் தடவிக்கொடுத்தாள். "அங்கிள், எங்களுக்குப் பிடிச்சிருக்கு."

"எனக்கும் சம்மதம்தாம்மா. ஆனா மங்களத்தைக் கேக்கணும். இதுக்கு முன்ன ஒம்பது பேர் வந்தாங்க. அவ ஒருத்தரையும் ஒத்துக்கல."

அந்த நொடியில் இளமாறன் மூளையில் பல்பு எரிந்தது. பயத்தில் நடுங்கிக்கொண்டே திட்டம் போடக்கூடிய ஆள் அவன்.

"பூக்கட்டிக் கேட்டுடலாமே அங்கிள்! செவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம். ஆன்ட்டி படத்துக்கு முன்னால வெச்சுக் கும்பிட்டு ஒண்ண எடுப்போம். செவப்பு வந்தா சம்மதம். வெள்ளை வந்தா வேணாம்னு அர்த்தம். அதுக்கு மேல யாரும் பேசக் கூடாது."

பரமசிவத்தின் முகம் மலர்ந்தது. "எங்க கல்யாணமே பூக்கட்டிப் பாத்துத்தான் முடிவாச்சு தம்பி. அடுத்த சனிக்கிழமை வாங்க. பூ நீங்களே கொண்டாங்க."

பிரியா புருஷனை ஏற இறங்கப் பார்த்தாள். கோயிலுக்குப் போனால் சர்க்கரைப் பொங்கல் தீர்வதற்குள் வரிசையில் நிற்பதுதான் அவனுடைய அதிகபட்ச பக்தி.

"உங்களுக்கு எப்பத்துலேருந்து இதுலல்லாம் நம்பிக்கை?"

"வீடு விஷயம் இல்லையா? பெரியவங்க சம்மதம் முக்கியம் பிரியா."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆபீசிலிருந்து நேராக லிட்டில் இந்தியாவில் இறங்கினான். பஃபலோ ரோட்டில் சரசுவின் பூக்கடை. பிரியா வாராவாரம் மல்லிகை வாங்கும் கடை அதுதான்.

"ரெண்டு நந்தியாவட்டை குடுங்கக்கா. வெள்ளையா, ஒரே அளவா."

"ரெண்டே ரெண்டு பூவா? பூக்கட்டிப் பாக்கவா தம்பி?"

"ம்."

"அப்ப ஒண்ணு செவப்பு அரளி எடுத்துக்குங்க."

"வேணாம்கா. ரெண்டும் வெள்ளையே போதும்."

சரசு கையிலிருந்த நாரைக் கீழே வைத்தாள். "ரெண்டும் வெள்ளையா இருந்தா சாமி எதைத் தம்பி எடுத்துக் குடுக்கும்?"

"சாமிக்குச் சிரமம் வைக்கக் கூடாதுக்கா," என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினான். இது ஏமாற்று வேலை இல்லை, ஆபத்தைக் குறைக்கும் நடவடிக்கை என்று ரயிலில் வரும்போது தனக்குத் தானே விளக்கிக்கொண்டான். வீட்டில் தமிழ்ப் பேப்பரின் ஒரு தாளைக் கிழித்து இரண்டு பொட்டலம் கட்டினான். இரண்டிலும் வெள்ளை. பாவம் செத்துப்போன அம்மாள், பேருக்குத்தான் அவள் சம்மதம் கேட்கிறோம் என்று கொஞ்சம் மனசு உறுத்தியது. மூன்றாவது அறையை நினைத்துக்கொண்டான். உறுத்தல் அடங்கியது.

சனிக்கிழமை காலையில் பிரியா ஜொகூருக்குப் போய் அம்மாவைப் பார்த்துவிட்டு, திரும்பும் வழியில் நேராக உட்லண்ட்ஸ் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். மூன்று மணி. வெளியே நல்ல வெயில், உள்ளே மட்டும் மழைக்கு முன் வருமே அந்த மங்கல். பரமசிவம் விளக்கேற்றியிருந்தார். இளமாறன் இரண்டு பொட்டலங்களையும் படத்தின் முன்னால் வைத்துவிட்டு, பார்ப்பவர் மெய்சிலிர்க்கும்படி கண்களை இறுக மூடிக் கை கூப்பினான். 'ஆன்ட்டி, உங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்லை. நாங்கள் போய்விடுகிறோம்.'

"நீ எடும்மா," என்றார் பெரியவர்.

பிரியா ஒரு பொட்டலத்தை எடுத்தாள். மெதுவாகப் பிரித்தாள்.

உள்ளே சிவப்பு.

வெறும் சிவப்பு இல்லை. அடுக்கடுக்காய் இதழ் விரிந்த செம்பருத்தி. சற்று முன் செடியிலிருந்து பறித்தது போலப் பளபளவென்று இருந்தது. சரசுவின் கடையில் அப்படியொரு பூவை அவன் கண்ணால் பார்த்ததே இல்லை.

இளமாறன் பாய்ந்து மற்றதைப் பிரித்தான். வெள்ளை. நந்தியாவட்டை. அவன் கையால் கட்டியது.

"ஒண்ணு செவப்பு, ஒண்ணு வெள்ளை, சரியாத்தான் இருக்கு," என்றாள் பிரியா. "ஏங்க, முகமெல்லாம் வேர்க்குது?"

என்ன சொல்வான்? 'இரண்டிலும் வெள்ளைதானே வைத்தேன்' என்றா? உலகத்தில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும், அந்தப் பூ மனிதர் வைத்த பூ இல்லை என்று. மேலே, இல்லாத வீட்டில், கோலி உருண்டது. டக். டக். டகடகடக…

"சந்தோஷத்துல இருக்கா," என்றார் பரமசிவம். கண்ணில் நீர் கோத்திருந்தது. "மூணு வருஷம் கழிச்சு இப்பத்தான் ஒருத்தரைப் பிடிச்சிருக்கு அவளுக்கு."

படத்தில் இருந்த அம்மாள் இளமாறனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏமாற்றுக்காரனைக் கையும் களவுமாகப் பிடித்த பார்வை அது. அந்தப் பார்வையைத் தினமும் ஆபீசில் மற்றவர்கள் மேல் வீசுபவன் அவன். அப்போதுதான் வந்து சேர்ந்த ஷமீமா நீட்டிய தாள்களில் எல்லாம் கையெழுத்துப் போட்டான். குவீன்ஸ்டவுன் என்ற சொல் அதன்பிறகு அவன் வாயில் வரவில்லை.

தீபாவளி முடிந்து சாவி கிடைத்தது. பரமசிவம் மெல்பர்னில் இருக்கும் மகனிடம் போனார். எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார், பிரம்பு நாற்காலியைத் தவிர.

"அங்கிள், நாற்காலி…"

"அவளையும் கூப்பிட்டேன் தம்பி. குளிர் ஒத்துக்காது, நான் வரலைன்னுட்டா. தொந்தரவு பண்ண மாட்டா. அந்த ரூமைக் காலியா மட்டும் போட்டுடாதீங்க. தனியா இருக்கப் பிடிக்காது அவளுக்கு."

பால் காய்ச்சிக் குடிபுகுந்தார்கள். பிரியா சந்தோஷமாகத் திரைச்சீலை மாட்டினாள். இளமாறனுக்குப் புதன்கிழமைகளில் வீட்டிலிருந்தே வேலை. பிரியா பள்ளிக்குப் போய்விடுவாள். பட்டப்பகல். பன்னிரண்டு மாடி உயரத்தில் காற்று நடைபாதையில் ஊளையிடும். கோலி உருளும். மூன்றாவது அறையில் நாற்காலி கிரீச்சென்று யாரோ எழுந்தது போல ஒலிக்கும். கொஞ்ச நேரம் கழித்து யாரோ உட்கார்ந்தது போலவும் ஒலிக்கும். இடைப்பட்ட நேரத்தில் அந்த யாரோ எங்கே போயிருப்பார் என்ற கேள்விதான் அவனைக் கொன்றது.

முதல் புதன் அந்த அறைக் கதவைச் சாத்தினான். அடுத்த புதன் அது தானாகத் திறந்திருந்தது. மூன்றாம் புதன் கதவைத் தட்டி, "எக்ஸ்கியூஸ் மீ ஆன்ட்டி, இஸ்திரிப் பெட்டி எடுத்துக்கறேன்," என்று அனுமதி கேட்டான். நான்காம் புதன் இரண்டு கோப்பைத் தேநீர் போட்டு ஒன்றை ஜன்னலோரம் வைத்தான். ஆபீஸ் வீடியோ கூட்டத்தில் அவன் மேலாளர், "உன் பின்னால நிக்கறது உன் வைஃபா?" என்று கேட்டபோது அவன் திரும்பவே இல்லை. இணைப்பைத் துண்டித்துவிட்டுக் கீழே போய்க் காப்பிக்கடையில் பிரியா வரும்வரை உட்கார்ந்திருந்தான்.

"பிரியா, அந்த ரூம் காலியா இருக்கக் கூடாது."

"ஏங்க?"

"வாஸ்து."

"அப்ப யாராவது ஸ்டூடண்டுக்கு வாடகைக்கு விடலாம்லா?"

"முன்ன பின்ன தெரியாத ஆளு எதுக்கு? நம்ம ஆளா இருந்தா நல்லது. கொஞ்சம் வயசானவங்க. எதுக்கும் பயப்படாதவங்க. நாள் முழுக்க வீட்டுல இருக்கறவங்க."

"அப்படி யாருங்க இருக்கா?"

"உங்க அம்மா."

"அம்மாவா!" பிரியா நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "வேணாங்க. உங்களுக்குச் சரிப்பட்டு வராது. அவங்க காலையிலேயே ரேடியோ போடுவாங்க."

"போடட்டும். நல்லா சத்தமா போடட்டும்."

"நான் கூப்பிட்டா வர மாட்டாங்க. மாப்பிள்ளை வாயால கூப்பிட்டாத்தான் மரியாதை."

அடுத்த புதன்கிழமை காலை பத்து மணிக்கு, ஜன்னலோரக் கோப்பையில் தேநீர் பாதியாகக் குறைந்திருப்பதைப் பார்த்ததும் போனை எடுத்தான்.

"அத்தை, நீங்க வந்து எங்களோடயே இருந்துடணும்."

"எதுக்கு மாப்பிள்ளை உங்களுக்குச் சிரமம்?"

"சிரமமே இல்ல. அந்த மூணாவது ரூம் உங்களுக்குத்தான்."

"நான் சோத்தை எண்ணுவேன்னு சொல்வீங்களே."

"எண்ணுங்க அத்தை! தோசையையும் எண்ணுங்க!" நான்கு மாதமாய் நெஞ்சில் அடைத்துக் கிடந்ததை யாரிடமாவது கொட்டாவிட்டால் பைத்தியமே பிடித்துவிடும் போலிருந்தது. "ஒரு உண்மையைச் சொல்லிடறேன். நான் அன்னிக்கு ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளைப் பூதான் வெச்சேன். ஆனா செவப்பு வந்துச்சு. செம்பருத்தி! இந்த வீட்டுல அந்தம்மா இருக்காங்க அத்தை. சத்தியமா இருக்காங்க."

வசந்தகுமாரி சிரித்தார். மூச்சு வாங்கச் சிரித்தார்.

"அது நம்ம வீட்டு வேலியோரச் செடி மாப்பிள்ளை. வெள்ளிக்கிழமை நீங்க கடையை விட்டு இறங்கினதும் சரசு பிரியாவுக்குப் போன் போட்டுட்டா. நீங்க பேப்பர் கிழிச்சுட்டு மிச்சத் தாளை மேசையிலேயே வெச்சுட்டீங்களாம். அந்தத் தாள்லதான் பொட்டலம் கட்டிக்கிட்டுப் போனா. நீங்க கண்ணை மூடி உருகி உருகிக் கும்பிட்டப்ப, ஒண்ணை எடுத்துட்டு இதை வெச்சுட்டா. பெரியவருக்குத்தான் கண்ணு சரியாத் தெரியாதே."

இளமாறன் சோபாவில் தொப்பென்று உட்கார்ந்தான். முதலில் கோபம் வந்தது. அதைத் தள்ளிக்கொண்டு சந்தோஷம் வந்தது. பேயும் இல்லை, பூதமும் இல்லை! தேநீரை ஏதோ பல்லி குடித்திருக்கும். மேலாளருக்குக் கண் சரியில்லை. பேய் இல்லையென்றால் அந்த அறை காலியாகவே கிடக்கலாம். அறை காலியாகக் கிடக்கலாம் என்றால்…

"அப்படின்னா அத்தை," என்றான் குரலில் புதுத் தெம்போடு, "நீங்க ஒண்ணும் அவசரப்பட்டு…"

தலைக்கு மேல் கோலி விழுந்தது. டக். டக். டகடகடக… இந்த முறை மூலைக்குப் போய் நிற்கவில்லை. அவன் உட்கார்ந்திருந்த இடத்துக்கு நேர் மேலே வந்து நின்றது.

"அத்தை," என்றான் மெதுவாக. "இந்தக் கோலி உருட்டறதும் பிரியா ஏற்பாடுதானே?"

"என்ன கோலி மாப்பிள்ளை?"

"நாற்காலி?"

"எந்த நாற்காலி?"

மூன்றாவது அறையில் பிரம்பு கிரீச்சென்றது. எழுந்த சத்தம். உட்கார்ந்த சத்தத்துக்காக அவன் காத்திருந்தான். அது வரவில்லை.

"அத்தை…" அந்த அறைக் கதவிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டான். "நீங்க எப்ப கிளம்பறீங்க?"

"கிளம்பறதா? இன்னிக்கு நீங்க கூப்பிடுவீங்கன்னு பிரியா சொன்னா, உங்க புளோக்குக்குக் கீழதான் லாரியோட நிக்கறேன் மாப்பிள்ளை. என் கட்டில் லிஃப்ட்ல நுழைய மாட்டேங்குது, படியில தூக்கணும். இறங்கி வந்து ஒரு பக்கம் பிடிங்க."